பட்டியலில் இருக்கிறது, கட்டுரையில் இல்லை: ஆய்வாளர் கேள்வி–பதில்

(ஆய்விதழ்களுக்கு ரெஃபரன்ஸ் எடிட்டராக, அதாவது மேற்கோள்களைச் சரிபார்ப்பவராக, சென்னையில் பல வருடம் வேலை பார்த்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மேடம், நான் நர்சிங்கில் பிஎச்.டி. செய்கிறேன். ஆய்வேட்டில் மேற்கோள்களை ஏபிஏ முறையில் கொடுத்திருந்தேன். அதிலிருந்து எடுத்து எழுதிய கட்டுரையை ஓர் இதழ், 'வான்கூவர் முறையில் இல்லை' என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. அறுபதுக்கும் மேல் மேற்கோள்கள். கையால் மாற்ற ஆரம்பித்துக் குழம்பிப் போயிருக்கிறேன்.
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

கையால் மாற்றுவதை இப்போதே நிறுத்துங்கள். ஏபிஏவில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரிக்குள்ளேயே வரும், கட்டுரையின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல் அகரவரிசையில் இருக்கும். வான்கூவரில் வரிக்குள் எண் மட்டும்தான். கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அது 1. அதே நூல் பத்துப் பக்கம் தள்ளித் திரும்ப வந்தாலும் அதே 1. நடுவில் ஒரு புது மேற்கோளைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகரும். கையால் செய்தால் எங்காவது ஓரிடத்தில் பிசகத்தான் செய்யும்.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம். அதில் மந்திரக்கோல் படம் போட்ட பட்டன் ஒன்று உண்டு. அங்கே கட்டுரையின் டிஓஐ எண்ணைக் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்தால் விவரங்கள் தானாக வந்து உட்காரும். வேர்டில் அதன் பிளக்‌இன் வழியாக மேற்கோள்களைச் செருகிவிட்டால், ஏபிஏவை வான்கூவராக மாற்றுவது ஒரு நிமிட வேலை. நாளைக்கு வேறு இதழுக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் அதே ஒரு நிமிடம்தான்.

ஆனால் உள்ளே தப்பான விவரம் போனால் வெளியே அழகான வடிவத்தில் தப்பு வரும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், பக்க எண் விட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு பதிவையும் மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஆசிரியர் பெயர்களை முக்கியமாகப் பாருங்கள். ஏபிஏவின் ஏழாம் பதிப்பு பட்டியலில் இருபது பேர் வரை கேட்கிறது. வான்கூவரைப் பின்பற்றும் இதழ்கள் பலவற்றில் ஆறு பேர், அதற்கு மேல் 'எட் ஆல்' ('மற்றும் பலர்'). நீங்கள் ஸோட்டெரோவில் மூன்று பேரைத் தட்டச்சு செய்துவிட்டு 'எட் ஆல்' போட்டிருந்தால், மீதிப் பெயர்களை எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது. இதழ்ப் பெயர்களையும் வான்கூவரில் சுருக்க வேண்டும்: 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' என்பது 'இந்தியன் ஜே மெட் ரெஸ்' ஆகும். சுருக்கத்தை ஊகிக்காதீர்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாகில் தேடினால் கிடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் பட்டியலை அச்செடுத்து, கட்டுரையைப் படித்தபடி ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் டிக் செய்யுங்கள். 'பதினான்காவது மேற்கோள் பட்டியலில் இருக்கிறது, கட்டுரையில் இல்லை. எங்கே சேர்க்க வேண்டும்?' கட்டுரை ஆசிரியர்களுக்கு நாங்கள் அனுப்பும் சந்தேகக் கேள்விகளில் (ஆத்தர் க்வெரி) சலிக்காமல் வருவது இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978இல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடியதே, ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு வடிவம் என்று ஆய்வாளர்கள் அல்லாடக் கூடாது என்பதற்காகத்தான். அதே முறையின் பெயரைச் சொல்லி, கட்டுரையைப் படிக்காமலே திருப்பி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. முதலில் எந்த வடிவத்தில் அனுப்பினாலும் சரி, சீராக இருந்தால் போதும் என்று இப்போது பல இதழ்கள் சொல்கின்றன. அடுத்த முறை இதழைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் பாருங்கள்.

புறநானூற்றைப் பாட்டு எண் போட்டு மேற்கோள் காட்டினேன். நெறியாளர் பதிப்பும் பக்க எண்ணும் வேண்டும் என்கிறார். பாட்டு எண் போதாதா?
– தமிழ் ஆய்வாளர், தஞ்சாவூர்

பாட்டு எண்தான் முக்கியம், அதை விடாதீர்கள். 'யாதும் ஊரே' என்று தொடங்கும் இரண்டு அடிகளுக்கு வரிக்குள் 'புறம். 192: 1–2' என்று போட்டால், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அந்த அடிகளுக்குப் போய்விடலாம். பக்க எண் உங்கள் கையில் உள்ள புத்தகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஆனால் பாடபேதங்கள், அதாவது பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறும் இடங்கள், உண்டே! நீங்கள் எந்தப் பாடத்தைப் படித்தீர்கள் என்று தெரிய, பட்டியலில் பதிப்பு வந்தாக வேண்டும். உரையிலிருந்தோ முன்னுரையிலிருந்தோ எடுத்தால் பக்க எண்ணும் வேண்டும். அந்த அளவில் உங்கள் நெறியாளர் சொல்வது சரி.

தொல்காப்பியத்தில் எச்சரிக்கை தேவை. உரையாசிரியருக்கு உரையாசிரியர் நூற்பா எண் மாறும், ஆகவே இளம்பூரணரா நச்சினார்க்கினியரா என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் தேடுபவர் வேறு நூற்பாவில் போய் நிற்பார். கம்பராமாயணத்திலும் பதிப்புக்குப் பதிப்பு பாட்டு எண் மாறுகிறது. காண்டம், படலம், பதிப்பு மூன்றையும் கொடுங்கள்.

அப்புறம் மறுபதிப்பு. உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு முதலில் வந்தது 1894இல். போன வருடம் வந்த மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், படிப்பவருக்குப் பதிப்பு வரலாறே குழம்பிவிடும். முதற்பதிப்பு ஆண்டு, நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு, இரண்டும் வேண்டும்.

ஒரு கட்டுரையில் என் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. இப்போது ஒருவர் அப்பா பெயரில் என்னை மேற்கோள் காட்டியிருக்கிறார்!
– உதவிப் பேராசிரியர், கோவை

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இதழ்களின் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் நம்மில் பலர் இனிஷியலை விரித்து அங்கே எழுதிவிடுகிறோம். மேற்கோளில் முன்னால் வந்து நிற்பது அந்தக் கட்டத்தில் உள்ள பெயர்தான். உங்கள் பெயரை அங்கே எழுதுங்கள், இனிஷியலை 'ஃபர்ஸ்ட் நேம்' கட்டத்தில் போடுங்கள். இனி எல்லாக் கட்டுரைக்கும் அதே வடிவம்தான். ஆய்வாளர்களுக்குத் தனி அடையாள எண் தருவதற்காக 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் தளத்தில் இலவசமாக 16 இலக்க எண் ஒன்று வாங்கி, மூன்று கட்டுரைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

மற்றவர்களை மேற்கோள் காட்டும்போதும் இதே கவனம் வேண்டும். எஸ். வையாபுரிப் பிள்ளையைப் 'பிள்ளை, எஸ். வி.' என்று மென்பொருள் உடைத்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அந்த அறிஞரின் பெயரே பட்டியலில் இருந்து போய்விடுகிறது. பெயர்க் கட்டத்தில் 'வையாபுரிப் பிள்ளை' முழுதும் வரும்படி நீங்களே திருத்துங்கள்.

சாட்ஜிபிடியிடம் மேற்கோள்கள் கேட்டேன். ஏபிஏ வடிவத்தில் கச்சிதமாகத் தந்தது. அப்படியே சேர்க்கலாமா? பட்டியலை இணைத்திருக்கிறேன்.
– முதுகலை மாணவர், மதுரை

சேர்க்கக் கூடாது. வடிவம் கச்சிதமாக இருப்பதால் அப்படி ஒரு கட்டுரை இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆய்விதழ்களை வெளியிடும் எல்செவியர் நிறுவனம் கட்டுரை ஆசிரியர்களுக்கான கையேட்டில் மாதிரிக்காக ஒரு மேற்கோள் கொடுத்திருந்தது. வான் டெர் கீர் என்பவரும் மற்றவர்களும் 2000இல் எழுதியதாக. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆனால் அதை ஏறக்குறைய 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பதாக 2017இல் ஆன்-வில் ஹார்ஸிங் என்ற பேராசிரியர் எழுதினார். மாதிரியை அழிக்காமல் விட்டவர்களே அதில் அதிகம். சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே இந்த நிலை.

நீங்கள் அனுப்பிய பட்டியலைத் தேடிப் பார்த்தேன். மூன்றாவதில் உள்ள டிஓஐ சம்பந்தமே இல்லாத வேறொரு துறைக் கட்டுரைக்குப் போகிறது. ஐந்தாவது எங்குமே இல்லை. மற்றவை உண்மையானவை, ஆனால் இரண்டாவதின் பக்க எண் தவறு. இல்லாத இரண்டையும் எடுத்துவிட்டு, அவற்றை நம்பி நீங்கள் எழுதிய வாக்கியங்களுக்கு வேறு ஆதாரம் கிடைக்கிறதா என்று கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். கிடைத்தால் முழுதாகப் படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த வாக்கியங்களையும் எடுத்துவிடுங்கள்.