சிபியு உச்சத்தில் நிற்கிறதா? கேள்வி பதில்

கேள்வி: விஎஸ் கோடு எடிட்டரைத் திறந்தாலே ஃபேன் அலறுகிறது. ரீஇன்ஸ்டால் செய்யட்டுமா?

வேண்டாம். எடிட்டரைத் திரும்பப் போட்டாலும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் அப்படியே இருக்கும். முதலில் எந்த பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) சிபியுவைத் தின்கிறது என்று பாருங்கள். ஹெல்ப் மெனுவில் பிராசஸ் எக்ஸ்புளோரர் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை ஓட்டும் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் மேலே நின்றால், கமாண்ட் பேலட்டில் எக்ஸ்டென்ஷன் பைசெக்டை ஓட்டுங்கள். பாதிப் பாதியாக அணைத்து, பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். 30 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் மாட்டிவிடும்.

கேள்வி: லினக்ஸின் டாப் கமாண்டில் சிபியு 380 சதவீதம் காட்டுகிறது. நூறைத் தாண்டுமா?

தாண்டும். சிபியுவின் ஒரு கோருக்கு 100 என்று கணக்கு.

கேள்வி: லோக்கலில் ஓடும் ஜாவா சர்வர் ஒரு கோரை முழுசாக எடுத்துக்கொள்கிறது. லாகில் எதுவும் இல்லை.

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. டாப்பை த்ரெட் (பிராசஸுக்குள் தனியாக ஓடும் இழை) வாரியாக, அந்த ஒரு பிராசஸுக்கு மட்டும் ஓட்டுங்கள். மேலே நிற்கும் த்ரெட்டின் எண் 6703 என்று வைத்துக்கொள்வோம். ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) அது 1ஏ2எஃப். அப்புறம் ஜேஸ்டாக் கருவியால் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த மெத்தடில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்து, என்ஐடி என்ற இடத்தில் அதைத் தேடுங்கள். ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 21 என்றால் ஹெக்ஸ் வேண்டாம், 6703 என்றே இருக்கும். ஒரு டம்ப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். சில விநாடி இடைவெளியில் மூன்று எடுங்கள். மூன்றிலும் அதே மெத்தட் வந்தால் லூப் அங்கேதான். மாட்டியது ஜிசி (பயன்படாத மெமரியை விடுவிக்கும்) த்ரெட் என்றால் கோடில் லூப் தேட வேண்டாம். ஜாவாவின் மெமரிப் பகுதியான ஹீப் நிரம்பித் தவிக்கிறது, மெமரியைப் பாருங்கள்.

கேள்வி: லேப்டாப் ரொம்ப ஸ்லோ. என்ன செய்யலாம்?

எந்த பிராசஸ்?

கேள்வி: டாக்கரில் ஃபைல் மாற்றம் தெரியவில்லை என்று போலிங் போட்டேன். சிபியு ஏறிவிட்டது.

ஏறத்தான் செய்யும். மாற்றம் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு ஃபைலையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதுதான் போலிங். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள் குவியும் இடம்) வாட்சிலிருந்து, அதாவது கண்காணிப்பிலிருந்து, விலக்குங்கள்.

கேள்வி: போலிங்கைக் குறை சொல்லாதீர்கள். ஐநோட்டிஃபை (ஃபைல் மாறினால் லினக்ஸ் கர்னலே சொல்லும் வசதி) பாதி நேரம் கைவிடுகிறது.

நெட்வொர்க் டிரைவில் கைவிடும், உண்மை. அங்கே போலிங் போடுங்கள், இடைவெளியைக் கூட்டிவையுங்கள். சாதாரண லினக்ஸ் டிஸ்கில் கைவிட்டால் பெரும்பாலும் வாட்ச் வரம்பு (எத்தனை இடங்களைக் கண்காணிக்கலாம் என்ற எண்ணிக்கை) தீர்ந்திருக்கும். அதை 524288 ஆக உயர்த்துங்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாருக்கும் போலிங் வேண்டாம் என்கிறீர்களா?

கர்னலே தகவல் சொல்லும் இடத்தில் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: ஐடிஇ (கோடு எழுதும் எடிட்டர்) ஓடினால் லேப்டாப் சூடாகிறது, ரீஇன்ஸ்டால் செய்யலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். பிராசஸ் பெயரோடு வாருங்கள், பேசலாம்.