கர்த்தருடைய வேளை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். ஆசிரியர் பயிற்சிக்கு மூன்று முறை விண்ணப்பித்தும் எனக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். மாலையில், சும்மா இருக்க வேண்டாமே என்று, சபை மண்டபத்தில் தோட்டப் பிள்ளைகள் சிலருக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தருகிறேன். 'கர்த்தருடைய வேளைக்குக் காத்திரு' என்கிறார்கள் சபையார். உங்களைக் குறித்து நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை, நீங்கள் எதிர்பார்க்கும் முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 வசனத்தை அச்சிட்ட அட்டையைப் பிறந்தநாள்தோறும் தருகிறார்கள். தேவன் எனக்கென்று வைத்த வாழ்க்கை இன்னும் தொடங்கவே இல்லையோ என்ற எண்ணம் அரிக்கிறது. எதுவரை காத்திருப்பது விசுவாசம், எதற்குமேல் ஏமாளித்தனம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வசனத்துக்கு முந்தைய வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனுக்கு எழுபது வருஷம் நிறைவேறிய பின்பே உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. இரண்டு வசனங்களும், கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைப்பிடித்துக் கொண்டுபோன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் உள்ளவை. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே மண்ணாகியிருப்பார்கள். ஒரு ஜனத்துக்குத் தலைமுறை கடந்து நிறைவேற வேண்டிய வாக்குத்தத்தத்தை, விரும்பிய வேலை வெகு சீக்கிரம் கிடைக்கும் என்ற உத்தரவாதமாகச் சுருக்கிவிட்டோம்.

சிறைப்பட்டவர்களும் பாபிலோனுக்குக் கொண்டுபோன ஆலயப் பணிமுட்டுகளும் இரண்டே வருஷத்தில் திரும்பிவரும் என்று எருசலேம் ஆலயத்தில் நின்று சொன்னவன் அனனியா என்ற தீர்க்கதரிசி. அதைக் கேட்ட எரேமியாவே, 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்றுதான் தொடங்கினார். பிறகுதான் அது பொய்யென்று சொல்ல நேர்ந்தது. உங்கள் சபையார் அன்பினாலேயே பேசுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேவனுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் ஆறுதல் அனனியாவின் பக்கமே சாய்கிறது.

எழுபது வருஷம் என்று சொன்ன அதே கடிதம், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், உங்களைச் சிறையாக்கிய பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று கட்டளையிடுகிறது. பிறத்தியார் மண்ணில் நட்டு வளர்ப்பது எத்தகையது என்பதை உங்கள் பெற்றோருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நடுவிலான வருஷங்களை தேவன் தம் நோக்கத்துக்கு வெளியே வைக்கவில்லை. அவற்றில் செய்ய வேண்டியதைத்தான் முதலில் வரிசையாகச் சொன்னார். ஆகவே 'சும்மா இருக்க வேண்டாமே என்று' என நீங்கள் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பகுதியெண்ணைப் பார்த்தாலே மிரளுகிற ஒரு பிள்ளைக்கு ஒரு ரொட்டியை நான்காகப் பிட்டுக் காட்டுபவர், அந்த நேரத்தில் ஆசிரியர் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை. எத்தனை வருஷம் என்று வேதம் தனி மனிதர் எவருக்கும் பொதுவாக வரையறுக்கவில்லை. ஆனால், கைகட்டி நிற்பதைக் காத்திருப்பு என்று அது சொல்வதுமில்லை. தேர்வுக் குழுவின் மறுப்பு தேர்வுக் குழுவின் மறுப்பு மட்டுமே. அதைத் தேவனுடைய மறுப்பாக வாசிக்க உங்களுக்கு அவசியம் இல்லை. வயதும் தகுதியும் இடங்கொடுத்தால் மறுபடியும் விண்ணப்பியுங்கள், இல்லையெனில் பாலர் பள்ளிகளில் விசாரியுங்கள். எதற்கு எழுதினாலும், கடைக் கணக்குக்கு முன்பாக அந்த மாலை வகுப்பைக் குறிப்பிடுங்கள். எந்தெந்த ஆண்டுப் பிள்ளைகள், என்ன பாடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.