உடனே பதிலுக்குப் பேசிவிடுகிறேன்!

கேள்வி: மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மேலாளர் குறை சொன்னால் உடனே எதிர்த்துப் பேசிவிடுகிறேன், அப்புறம் இரவெல்லாம் தூக்கமில்லை. உணர்வு நுண்ணறிவு என்கிறார்களே, அது உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும். 1990-ல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் இதை விளக்கியபோது உணர்வை அடக்கச் சொல்லவில்லை. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, பிரித்தறிந்து, அதை வைத்து யோசித்து நடக்கும் திறன் என்றுதான் சொன்னார்கள். காது சூடாகி, பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் பாருங்கள், அந்த நொடியில் 'இது கோபமா, அவமானமா?' என்று மனசுக்குள் கேளுங்கள். பெரும்பாலும் அவமானம்தான். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். மறுநாள் தனியாகப் போய், "எல்லார் முன்னாலும் சொன்னது கஷ்டமாக இருந்தது, இனி தனியாகச் சொல்ல முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். தினமும் திட்டுவதே அவர் வழக்கமென்றால் அது உங்கள் குறையே இல்லை, தேதியோடு எழுதிவைத்து மனிதவளத் துறையிடம் கொடுங்கள்.