ஆண்டிகனி: சட்டமா, பறையறிவிப்பா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம்.

கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிஸின் ‘ஆண்டிகனி’ நாடகத்தை இப்போதுதான் படித்து முடித்தேன். எல்லாரும் அவளைக் கொண்டாடுகிறார்கள். எனக்கோ தீப்ஸ் அரசன் கிரியோன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. சொந்த ஊர்மேல் படையெடுத்து வந்தவனைப் புதைக்கக்கூடாது என்று அரசு சட்டம் போடுகிறது. உடன்பிறந்தவன் என்பதற்காக ஆண்டிகனி அதை மீறிப் புதைத்தால் நாளைக்கு எந்தச் சட்டம் நிற்கும்?

– ரா.

அன்புள்ள ரா.,

கிரியோனை வெறும் வில்லனாக்கிவிட்டால் நாடகத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் நீங்கள் ‘சட்டம்’ என்று எழுதும் இடத்தில் மூலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நோமோஸ் என்றால் சட்டம், வழிவழி வந்த வழக்கம் இரண்டும்தான். தமிழில் ‘முறை’ ஓரளவு நெருங்கி வரும். கேரிக்மா என்பது ஊருக்குள் ஆள்விட்டுக் கூவி அறிவிக்கும் ஆணை, நம் பறையறைதல் மாதிரி. எட்டாவது வரியிலேயே ஆண்டிகனி தன் சகோதரி இஸ்மீனிடம் ‘தளபதி போட்ட கேரிக்மா’ என்கிறாள். அரசன் என்றுகூட அவனைச் சொல்லவில்லை. பிடிபட்ட பிறகு, ‘இந்த நோமோஸை மீறத் துணிந்தாயா?’ என்று கிரியோன் கேட்க, அவள் பதிலில் அது மறுபடி ‘உன் கேரிக்மா’ ஆகிவிடுகிறது. இரண்டையும் ‘சட்டம்’ என்றே போட்ட மொழிபெயர்ப்பில் இந்தச் சண்டை காதில் விழாது.

பாசம் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என்று பிரிக்கவும் வழியில்லை. கிரியோன் ஆண்டிகனிக்கும் அவள் உடன்பிறந்தவர்களுக்கும் தாய்மாமன். அவள் சகோதரர்கள், ஊரைக் காத்த எட்டியோக்ளிஸும் படையெடுத்து வந்த பாலினிசிஸும், ஒருவரையொருவர் கொன்று மாண்டதால், இறந்தவர்களுக்கு நெருங்கிய உறவு என்ற வகையில் ஆட்சி தனக்கு வந்ததாக முதல் உரையில் அவனே சொல்கிறான். அதே உரையில், சொந்த ஊரைவிட வேண்டியவனைப் பெரிதாக நினைப்பவன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்றும் சொல்கிறான்!

கி.மு. 441 வாக்கில் இதைப் பார்த்த ஏதென்ஸ்காரர்களுக்கு அந்தத் தடை புதிதல்ல. துரோகியை ஏதென்ஸின் நிலப்பகுதியான அட்டிகா மண்ணில் புதைக்க அங்கே அனுமதி கிடையாது. துரோகி என்று தீர்ப்பான ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸின் எலும்புகளை உறவினர்கள் ரகசியமாகக் கொண்டுவந்து புதைத்ததாகச் சொல்லப்பட்டதை வரலாற்றாசிரியர் தூசிடைடிஸ் பதிவு செய்திருக்கிறார். ஆனால் எல்லைக்கு வெளியே புதைக்கத் தடை இல்லை. கிரியோன் அந்த வழியையும் அடைக்கிறான்: உடலை வெட்டவெளியில் போட்டு, காவலும் வைக்கிறான். குறிசொல்லும் டைரீசியஸ் கொண்டுவரும் புகாரில் தத்துவம் ஏதுமில்லை. பறவைகளும் நாய்களும் பிணத்தசையைக் கொண்டுவந்து பலிபீடங்களில் போட்டுவிட்டன, பலி தீப்பற்றவில்லை, தொடைக் கொழுப்பு உருகிச் சாம்பலில் வழிகிறது.

தண்டனையையும் கவனியுங்கள். அறிவித்தது ஊர் நடுவே கல்லெறிந்து கொல்வது. அதற்கு ஊரார் கல்லெடுக்க வேண்டும். அவளுக்காக ஊர் மறைவில் புலம்புகிறது என்று கிரியோனின் மகன் ஹைமன் சொல்லிவிட்டுப் போனபின் தண்டனை மாறுகிறது: பாறைக்குகையில் உயிரோடு அடைப்பது, ஊருக்குத் தீட்டு வராத அளவுக்கு மட்டும் கொஞ்சம் உணவு. காரணத்தை சோபாக்ளிஸ் சொல்லவில்லை. கல்லெடுக்க ஆள் வராது என்று கிரியோனுக்குப் புரிந்துவிட்டது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆண்டிகனியும் ‘குடும்பப் பாசம்’ என்ற சொல்லுக்குள் அடங்குபவள் அல்ல. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், அவர்களுக்கு மாற்று உண்டு, பெற்றோர் போனபின் உடன்பிறந்தான் இனிப் பிறக்க மாட்டான் என்று கணக்குப் போடுகிறாள். இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபிக்க மாட்டார்களா என்று ஜெர்மன் கவிஞர் கெதே ஏங்கினார். ஆனால் அரிஸ்டாட்டிலே இவற்றை எடுத்தாண்டிருக்கிறார். சுலபமாக வெட்டிவிட முடியாது.

கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். மனம் மாறிய கிரியோனிடம் கோரஸாக வரும் ஊர் முதியோர் சொல்லும் வரிசை: பெண்ணை விடுவி, பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. அவன் தலைகீழாகச் செய்கிறான். பாலினிசிஸின் மிச்சத்தைக் கழுவி, புதிதாக ஒடித்த கிளைகளில் எரித்து, சொந்த மண்ணால் உயரமாக மேடெழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அவள் துணியைச் சுருக்கிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தாள்.