கை நடுங்குகிறது, மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். காலை மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் கை நடுங்கி, டம்ளர் காப்பி டபராவில் சிந்துகிறது. சர்க்கரையும் புதிதாக ஏறியிருக்கிறது. ராத்திரி மாத்திரையை மட்டும் நிறுத்திப் பார்க்கலாமா? குறுவை நடவுக்கு வயலில் இறங்கலாமா?
– வாசகி, மன்னார்குடி பக்கம்

பதில்: ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நடுக்கம் பெரும்பாலும் டாக்ரோலிமஸின் வேலை. விழுங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது உச்சத்துக்குப் போகும். காப்பி நேரம் அதில் மாட்டிக்கொள்கிறது. சர்க்கரை ஏறுவதற்கு அதுவும் பிரெட்னிசோலோனும் கூட்டுக் காரணம். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு.

மருந்தின் அளவைக் குறைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வது, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் 'லெவல்' பரிசோதனையை வைத்து. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போகிற அவசரத்தில், வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுக்கிறார்கள். அப்போது லெவல் பொய்யாக அதிகம் காட்டும். அதை நம்பி அளவைக் குறைத்தால் சிறுநீரகத்துக்குத்தான் ஆபத்து. முந்தின இரவு எட்டு மணிக்குப் போட்டிருந்தால் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும். ஊசி குத்திய பிறகு போடலாம். கடைசியாக லெவல் பார்த்த அன்று என்ன செய்தார் என்று அவரிடமே கேளுங்கள்.

லெவல் நிஜமாகவே ஏறியிருந்தால் காரணம் தேடணும். வயிற்றுப்போக்கு ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃப்ளூகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரை) போன்றவையும் ஏற்றும். கொல்லையில் பம்ப்ளிமாஸ் காய்த்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அதுவும் ஆகாது. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் லெவலை ஏற்றாது, நேராகச் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

அப்புறம் வயல். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் சின்ன வெடிப்பு போதும் உள்ளே போக. இந்தக் குறுவைக்கு அவர் வரப்பிலேயே நிற்கட்டும், முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக. இந்த மாத்திரைகளோடு வெயில் சேர்ந்தால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். சேற்றில் இறங்குவதை அடுத்த பட்டத்தில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம், அதுவும் முட்டளவு பூட்ஸோடு.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே சிறுநீரகம் மாற்றிய மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.