களப்போரத் தரவையில் கல் நட்டிருக்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் களப்பை ஒட்டிய கிராமம் எங்களுடையது. களப்பையும் அதற்கு நீர் வரும் குளங்களையும் மீளமைக்கப் பெரிய திட்டம் வருகிறது என்று கூட்டம் வைத்தார்கள். தூர் எடுப்பார்களாம், கண்டல் நடுவார்களாம், பறவைகள் திரும்பி வருமாம். ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார்கள். பாதிப்பேர் போட்டோம், மீதிப்பேர் போடவில்லை. இப்போது மாடு மேயும் தரவையில் கல் நட்டிருக்கிறார்கள். ‘நல்ல திட்டத்தைக் கெடுக்காதே’ என்று ஒரு பகுதி, ‘காணி போகப்போகிறது’ என்று மற்றப் பகுதி. மீனவர் சங்கச் செயலாளரான நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், கையெழுத்துப் போடாதவர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்களுடைய பயம் வதந்தியில் பிறந்தது அல்ல. வட்டுவாகலில் கடற்படை முகாமுக்காக 617 ஏக்கரை அளக்க வந்தவர்களை ஊர்ச்சனம் எத்தனை தரம் மறித்துத் திருப்பி அனுப்பியது என்பது உங்களுக்குத் தெரியும். நந்திக்கடல் களப்பை 2017 இல் இயற்கை ஒதுக்ககமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். 10,000 ஏக்கருக்கு மேல். ‘எங்கள் வயலும் அதற்குள் போய்விட்டது’ என்று சனம் அறிந்தது அதற்குப் பிறகுதான். 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருங்கள், இல்லாவிட்டால் அது அரச காணி என்ற தோரணையில் ஒரு வர்த்தமானி வந்து, எதிர்ப்புக்குப் பிறகு மீளப்பெறப்பட்டது. இவ்வளவும் பார்த்த ஊரில் கல்லைக் கண்டால் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும்.

ஆனால் களப்பு, குளம் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லும் ‘ஈரநிலம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்தக் கல் எந்தச் சட்டத்தின் கீழ் நடப்பட்டது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கமநல அபிவிருத்தித் திணைக்களம் சிறு குளத்தின் ஒதுக்கீட்டு எல்லையைக் காட்ட நட்ட கல் என்றால், குளக்கட்டையும் நீர் நிற்கும் பரப்பையும் அடைத்துப் பயிர் செய்யாதீர்கள் என்பதே அதன் பொருள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கல்லும் பெரும்பாலும் அப்படித்தான். வனஜீவராசிகள் திணைக்களத்தின் கல் வேறு கதை. 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி தேசிய ஒதுக்ககங்களை அரச காணியில் மட்டுமே பிரகடனம் செய்யலாம். தேசிய பூங்காவும் இயற்கை ஒதுக்ககமும் இந்த வகைக்குள் வருகின்றன. சரணாலயம் என்றால் தனியார் காணியும் அதற்குள் வரலாம். காணி உங்களுடையதாகவே இருக்கும், சில செயல்களுக்குத்தான் கட்டுப்பாடு. இயற்கை ஒதுக்ககம் என்றால் எந்தத் தொழிலைத் தொடரலாம் என்பது திணைக்களத்தின் அனுமதியில் தங்கியிருக்கும். ஆகவே அடுத்த கூட்டத்தில் ‘காணி போகுமா?’ என்று கேட்காதீர்கள். ‘போகாது’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அப்புறம் பிளேன்ரீயும் ரோல்ஸும் வந்துவிடும். ‘எந்தக் கட்டளைச் சட்டம், எந்தப் பிரிவு, வர்த்தமானி வருமா, நில அளவைப் பட இலக்கம் என்ன?’ என்று கேளுங்கள்.

கல்லைப் பற்றி இன்னொன்று. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு குளத் திட்டத்தில், திட்டக்காரரின் பக்கம் நின்று வேலை செய்தேன். ஆவணி மாதம், குளம் அடி காய்ந்து கிடந்தது. கணினிப் படத்தில் விழுந்த கோட்டின்படி நாங்கள் கல் நட்டுக்கொண்டு போனோம். ஒரு அம்மா வந்து, பேசாமல் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஒரு பனையைக் காட்டினார். அடியிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மரம் வேறு நிறத்தில் இருந்தது. மாரி வெள்ளம் வைத்த தழும்பு. எங்கள் கல் அதிலிருந்து முப்பது பாகம் உள்ளே, அவருடைய வயலின் நடுவில் நின்றது. 2009 க்கு முன்னும் பின்னும் சனம் இல்லாமல் கிடந்த வருடங்களில் அந்த வயலில் பற்றை எழும்பியிருந்தது. படம் பார்த்தவருக்கு அது காடு. அந்தக் கல்லை மாற்ற எட்டு மாதம் எடுத்தது. கல்லைப் பிடுங்கியிருந்தால் வழக்குத்தான் வந்திருக்கும். பிடுங்காமல் படம் எடுத்து எழுதிக் கேட்டதால்தான் மாறியது. நீங்களும் ஒவ்வொரு கல்லையும், அதில் பொறித்த எழுத்துத் தெரிய, திகதியோடு படம் எடுத்து வையுங்கள். இடம்பெயர்வில் காணிப் பேர்மிட் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பதிவேட்டைப் பார்த்துப் பிரதி கேட்கட்டும். கூகிள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பார்க்கலாம். வரம்பு தெரியும் படம் கிடைத்தால் அச்சிட்டு வையுங்கள்.

எழுத்தில் கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் நல்ல ஆயுதம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலருக்குத் தெரியாத 9 ஆம் பிரிவும் அதில் இருக்கிறது: வெளிநாட்டுப் பணத்தில் 100,000 அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டுப் பணத்தில் 500,000 ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அமைச்சு விபரம் வெளியிட வேண்டும். நீங்கள் சொல்லும் அளவுள்ள திட்டம் இந்த வரம்பைத் தாண்டாமல் இருக்காது. அந்த விபரத்தை நேரடியாகவே கேளுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்திருந்தால், அதை வாசித்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு.

கையெழுத்து விடயத்துக்கு வருகிறேன். வரவுப் பதிவில் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. ஆனால் அறிக்கையில் ‘மக்களுடன் கலந்துரையாடப்பட்டது’ என்ற வரிக்குப் பின்னிணைப்பாக அதுவே போய்விடும், நான் கண்டிருக்கிறேன். தாளின் தலைப்பு வெறுமையாக இருந்தால் போடாதீர்கள். போடுவதானால் பெயருக்குப் பக்கத்தில் ‘வரவு மட்டும்’ என்று எழுதிப் போடுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் சங்கக் கடிதத் தலைப்பில் அதையே எழுதிப் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

சரி, திட்டம் உண்மையில் நல்லதாகவும் இருக்கலாம். களப்பு தூர்ந்து போனது உண்மை, இறால் குறைந்தது உண்மை. நல்ல திட்டம், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் தொடங்கும்: எந்த நீர்மட்டத்தில் அதை வெட்டித் திறப்பது, யார் தீர்மானிப்பது, வயலுக்கு உவர் ஏறாமல் எப்படிப் பார்ப்பது. இதைக் கேட்காமல் கண்டல் கன்றை மட்டும் எண்ணிக் காட்டினால் சந்தேகப்படுங்கள். சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பிழையான இடம், பிழையான இனம், நட்டபின் பராமரிப்பும் இல்லை. மாடு தின்றதும் ஒரு காரணம். உங்கள் தரவையில் கன்று நடுவதென்றால் பட்டிக்காரரைக் கேட்காமல் எப்படி?

இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: நாளைக்கு வேறு ஆட்களுக்கு இதே இடம் திறக்குமா? மன்னாரில் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்ககத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென 2024 இல் விடுவிக்கப் பார்த்தார்கள், உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. மீனவனுக்குப் பூட்டிய கதவு இறால் பண்ணைக்குத் திறக்குமா என்று கேட்பது குதர்க்கம் அல்ல.

கணக்குக் கேட்பவரை எதிரி என்பார்கள். இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் என்றபோது கிளிநொச்சிக் கமக்காரரைத் ‘தண்ணி தர மனமில்லாதவர்கள்’ என்றார்கள். அவர்கள் கேட்டது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு நீர் மிஞ்சும் என்ற கணக்கைத்தான். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள்.

உங்கள் சங்கத்தின் இரண்டு பகுதியும் சேர்ந்து ஒரே தகவல் விண்ணப்பத்தில் கையெழுத்திடலாம். ஆதரிப்பவருக்கும் எல்லை காட்டும் வரைபடம் தேவைதானே. மாரி தொடங்க முன் அனுப்புங்கள், தரவையில் நீர் ஏறினால் கல் தெரியாது. பதிவுத் தபால் துண்டை உடனே போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். மை ஆறு மாதம் தாங்காது.