டோப்பி ஏன் பேசுவதே இல்லை?

கேள்வி 1937-இல் வந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படத்தில் வரும் ஏழு குள்ளர்களில் ஒருவனைப் பற்றியது. ஊமையா என்றால், இல்லை. படத்திலேயே ஸ்னோ ஒயிட் இதைக் கேட்கிறாள், அதற்கு இன்னொரு குள்ளனான ஹேப்பி சொல்கிற பதில்தான் அழகு: அவனுக்கே தெரியாது, பேசிப் பார்த்ததே இல்லையாம்!

அதனால் எல்லாமே உடம்பாலும் முகத்தாலும்தான். எடி காலின்ஸ் என்ற மேடை நகைச்சுவை நடிகரை நடித்துக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்து வரைந்தார்கள். சுரங்கத்தில் இரண்டு வைரங்களைக் கண்ணில் பொருத்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பானே, அங்கே வசனம் எதற்கு? ஸ்னோ ஒயிட்டிடம் நெற்றியில் ஒரு முத்தம் வாங்கியதும் ஜன்னல் வழியாக உள்ளே குதித்து மறுபடியும் வரிசையில் வந்து நிற்பான், கேடி.

தாடி இல்லாதவனும் ஏழு பேரில் இவன் ஒருவன்தான். அப்புறம், 1941-இல் வந்த டம்போ யானைக்குட்டியும் இதே கட்சிதான், படத்தின் பெயரே அவன் பெயர், ஆனாலும் கடைசிவரை ஒரு வார்த்தை பேச மாட்டான்.